பால் பல்லில் சொத்தை ஏன் விழுகிறது? குழந்தைக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் ஆகுமா?

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான பேஸ்ட் இருக்கும் தட்டைப் பார்த்தால் இரண்டு வகை டியூப் கண்ணில் படும். ஒன்றின் முகப்பிலேயே 'ஃப்ளோரைடு இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருக்கும். சொத்தையைத் தடுக்க பேஸ்ட்டில் சேர்க்கும் தாது உப்புதான் ஃப்ளோரைடு. இன்னொன்றின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், 'ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.' (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று இருக்கும். பல் மருத்துவர் இரண்டாவதை வாங்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் காணொளி அது விஷம் என்கிறது. வீட்டுப் பெரியவர்களோ, "பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது, இதுக்கு எதுக்கு பேஸ்ட்டு" என்கிறார்கள்.

2024 ஏப்ரலில் வந்த இரண்டு செய்திகள் குழப்பத்தைக் கூட்டின. இந்தியாவில் விற்கும் செரலாக் குழந்தை உணவில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, அதே நிறுவனம் ஐரோப்பாவில் அப்படிச் செய்வதில்லை என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ அமைப்பு அறிக்கை வெளியிட்டது. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாக நிறுவனம் பதில் சொன்னது. அதே மாதத்தில், பாலில் கலக்கும் சத்துப் பொடிகளை 'ஆரோக்கிய பானம்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. இரண்டு செய்திகளிலும் எடையையும் சர்க்கரை நோயையும் பற்றி நிறையப் பேசினார்கள். அந்தச் சர்க்கரை முதலில் போய்ச் சேரும் இடமான பல்லைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2002–03 தேசியக் கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பால் பல் சொத்தையுள்ள குழந்தைகள் உலகம் முழுக்கச் சுமார் 51 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. இவ்வளவு பரவலான இந்த நோயைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதுதான் மனதை வருத்தும் விஷயம். எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## விழப்போகும் பல்லுக்கு என்ன வேலை?

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் சுமார் 6 மாதத்தில் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். பலரும் கவனிக்காத விஷயம், பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கின்றன. இரண்டு வயதில் சொத்தையாகும் ஒரு கடைவாய்ப் பல்லோடு அந்தக் குழந்தை இன்னும் எட்டு, ஒன்பது வருடம் சாப்பிட்டாக வேண்டும்.

அந்தப் பல்லுக்கு மெல்லுவதோடு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. சொத்தை முற்றி அதை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், 6 வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு வர வேண்டிய பல் வழியில்லாமல் கோணலாகவோ ஈறுக்குள்ளேயே சிக்கியோ நிற்கும். பால் பல்லின் வேரில் சீழ் பிடித்தால், கீழே வளரும் பல்லின் கடினமான மேல் உறையான எனாமலில் குறை விழவும் வாய்ப்பு இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது வலி. இரண்டு வயதுக் குழந்தைக்கு 'பல் வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், ஒரு பக்கமாக மெல்லும், கடித்துச் சாப்பிடும் பண்டத்தைத் தள்ளிவிடும், ராத்திரி எழுந்து அழும். நாம் 'பிடிவாதம்', 'சாப்பிடப் படுத்துகிறான்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

## பூச்சி இல்லை. ஆனால் உயிருள்ள ஒன்று

நம் ஊரில் சொத்தையைப் 'பூச்சிப் பல்' என்போம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்து 'பூச்சி' எடுக்கும் வழக்கமும் இருந்தது. பல்லுக்குள் புழு எதுவும் கிடையாது. ஆனால் ஏதோ ஒன்று உயிரோடு இருந்து பல்லை அரிக்கிறது என்ற ஊகம் சரியான திசையில்தான் இருக்கிறது. அரிப்பவை பாக்டீரியாக்கள். அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்.

சொத்தை விழும் வரிசை இப்படி:

1. பல்லின் மேல், குறிப்பாக ஈறை ஒட்டி, வெள்ளையாகப் பிசுபிசுப்பான ஒரு படலம் சேர்கிறது. அதில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.
2. குழந்தை இனிப்பு எதையாவது குடித்தால் அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியாக்களும் தின்கின்றன. தின்று அமிலத்தை வெளியிடுகின்றன.
3. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும்.
4. எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைக் கழுவி, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கரைந்த இடம் ஓரளவு மீண்டும் கட்டப்படுகிறது.

நான்காவதுதான் பலருக்குத் தெரியாதது. சொத்தை ஒரே நாளில் விழும் ஓட்டை இல்லை. கரைவதும் கட்டுவதும் தினமும் மாறி மாறி நடக்கின்றன. மாதக்கணக்கில் கரைவதன் கை ஓங்கினால்தான் ஓட்டை விழுகிறது. பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறத்தாழ பாதித் தடிமன்தான். அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும் அழிவு குழந்தைக்குச் சில மாதங்களில் நடந்துவிடும்.

பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களின் எச்சில் வழியாக, அதிலும் அம்மாவிடமிருந்து. ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டுவது, மென்று கொடுப்பது எல்லாம் அதற்கு வழி. இதற்காகக் குழந்தையைக் கொஞ்சாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஆகியோர் தங்கள் சொத்தைப் பற்களை முதலில் அடைத்துக்கொள்வது குழந்தைக்குச் செய்யும் நேரடி உதவி.

## எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை

1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலில் வாய் கொப்பளித்தவர்களின் பல் படலத்தில் பி.எச். எப்படி மாறுகிறது என்று அளந்தார். சில நிமிடங்களிலேயே அது ஆபத்தான அளவுக்கு இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆனது. ஒரு ஸ்பூன் சர்க்கரையோ மூன்று ஸ்பூனோ, ஒரு தடவை வாய்க்குள் போனால் ஒரு தாக்குதல். அதே மூன்று ஸ்பூனை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் மூன்று தாக்குதல்.

இதை மனிதர்களிடம் நேரடியாக நிரூபித்த ஆய்வு ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது அதன் கொடுமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் விபேஹோல்ம் என்ற மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை அங்கே தங்க வைத்திருந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில், அவர்களின் சம்மதம் கேட்காமலேயே, சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரையும் சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. இடையிடையே மிட்டாய் தின்றவர்களின் பற்கள் பாழாயின. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட வழியில்லாத மனிதர்களின் பல்லை அழித்துப் பெற்ற அறிவு இது. பெற்ற பிறகாவது பயன்படுத்துவோம். ஸ்வீடனில், மிட்டாயை வாரத்தில் சனிக்கிழமை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் இதற்குப் பின்தான் ஊன்றியது.

இப்போது நம் வீட்டு இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை 7 மணிக்குச் சர்க்கரை போட்ட பால். 9 மணிக்கு இட்லி. 10:30-க்கு அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கட். 12-க்கு ஜூஸ். 1 மணிக்குச் சாப்பாடு. 4 மணிக்குச் சத்துப் பொடி கலந்த பால், தொட்டுக்கொள்ள ரஸ்க். 6 மணிக்குக் கடைக்குப் போன தாத்தா வாங்கி வந்த சாக்லேட். 9 மணிக்குத் தூங்க வைக்கப் பாட்டில் பால். நடுராத்திரி இன்னொரு பாட்டில். இனிப்பாக மட்டுமே ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் என்று வைத்தால் நான்கரை மணி நேரத்துக்கு மேல் பல் அமிலத்தில் நனைகிறது. இரவுப் பாலுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். இந்தப் பட்டியலில் யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொன்றும் அன்பினால் கொடுத்ததுதான். கூட்டிப் பார்க்கும்போதுதான் விபரீதம் தெரிகிறது.

அடிக்கடி வரும் மூன்று சந்தேகங்கள்:

1. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் நல்லதுதானே? பல்லைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. பாக்டீரியா அதையும் விடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது: போட்டுலிசம் என்ற ஆபத்தான நஞ்சேற்றம்.
2. பழம்? முழுப் பழமாகக் கடித்தோ மசித்தோ சாப்பிட்டால் கவலை இல்லை. அதையே பிழிந்து, சிப்பரில் ஊற்றி, அரை மணி நேரம் உறிஞ்ச விட்டால் அது சர்க்கரைத் தண்ணீர் போல்தான் நடந்துகொள்ளும்.
3. உப்பு பிஸ்கட், சிப்ஸ்? இனிப்பு இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மாவும் ஸ்டார்ச்சும் பல் இடுக்கில் ஒட்டி, வாயிலேயே சர்க்கரையாக உடைகின்றன.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டாம். எடை குறைந்த குழந்தைக்கு அது தேவை. உருண்டையாகவோ கஞ்சியாகவோ ஒரு வேளை உணவாகக் கொடுத்து முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்க வையுங்கள். நாள் முழுக்கக் கையில் வைத்துக் கொறிக்க விடாமல் இருந்தால் போதும். இரண்டு வயது வரை பாலில் சர்க்கரை போடாமல் பழக்குவது எல்லாவற்றையும்விடச் சுலபமான தடுப்பு. சர்க்கரையின் ருசியே தெரியாத குழந்தை அதைக் கேட்டு அழாது.

## இரவு ஏன் இவ்வளவு ஆபத்து?

தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விழுங்குவதும் குறைகிறது. பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும். கழுவிவிட ஆள் இல்லை. சின்னக் குழந்தைகளின் சொத்தை பெரும்பாலும் மேல் முன்பற்கள் நான்கில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். கீழ் முன்பற்கள் தப்பிவிடுகின்றன, ஏனென்றால் நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, நாக்கடிச் சுரப்பிகளின் எச்சிலும் அங்கேதான் ஊறுகிறது. மேலே நான்கு பல் கறுத்து, கீழே எல்லாம் வெள்ளையாக இருந்தால், பல் மருத்துவர் முதலில் கேட்பது ராத்திரிப் பாட்டிலைப் பற்றித்தான்.

தாய்ப்பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்து அம்மாக்களைக் குற்றம் சொல்வது நடக்கிறது. முதல் ஒரு வருடத்தில் தாய்ப்பால் சொத்தைக்குக் காரணமாவதில்லை. பாட்டில் குழந்தைகளோடு ஒப்பிட்டால் பாதுகாப்பாகவே இருக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு, பல் நிறைய முளைத்து, பகலில் மற்ற இனிப்புகளும் சேர்ந்து, ராத்திரி முழுக்க அடிக்கடி பால் குடித்துக்கொண்டே தூங்கினால் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நிறுத்த வேண்டியதில்லை. தூங்கும் முன் பல் தேய்ப்பதும், பகல் சர்க்கரையைக் குறைப்பதும், ராத்திரி எண்ணிக்கையை மெதுவாகக் குறைப்பதும்தான் செய்ய வேண்டியவை.

பாட்டில் விஷயம் வேறு. ஒரு வயதாகி, பகலில் நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு ராத்திரிப் பாட்டில் பசிக்காக இல்லை, பழக்கத்துக்காகத்தான். ஒரே நாளில் பிடுங்கினால் வீடே தூங்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் படிப்படியாகப் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் வெறும் தண்ணீர் பாட்டிலைக் குழந்தை தானே விட்டுவிடும். ஒன்றரை வயதுக்குள் டம்ளருக்கு மாறிவிடுவது நல்லது.

யாரும் கணக்கில் வைக்காத இன்னொன்று சிரப். குழந்தைகளுக்கான காய்ச்சல், இருமல், இரும்புச்சத்து மருந்துகள் பலவற்றில் சர்க்கரைப் பாகு இருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு சிரப் கொடுத்து அப்படியே தூங்க வைத்தால் அதுவும் ஒரு பாட்டில் பால் கணக்குத்தான். மருந்து கொடுத்ததும் இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள்.

## ஃப்ளோரைடு: பயம் எங்கே நியாயம், எங்கே இல்லை?

இந்தப் பயம் நம் ஊரில் வெறும் வதந்தியாகப் பிறந்தது இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பல வருடம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டன. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் வரும் இந்தப் பாதிப்பு) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து உலர் வலயத்திலும் இதே பாதிப்பு உண்டு. எனவே 'ஃப்ளோரைடு கெடுதல்' என்று சொல்லும் தருமபுரிப் பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது தண்ணீரைப் பற்றி.

ஃப்ளோரைடு பல்லைக் காக்கும் என்று கண்டுபிடித்ததும் இதே கறையை வைத்துத்தான். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்கள் பலரின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தார். கறை இருந்த பற்களில் சொத்தை குறைவு என்பதையும் கவனித்தார். காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்று 1931-இல் தெரிந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் கறையும் பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று ட்ரென்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் பிறகு கண்டறிந்தார். ஆக, கேள்வி முழுக்க முழுக்க அளவைப் பற்றியது. அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1. 1000 பி.பி.எம். என்றால் 1 கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு.
2. மூன்று வயதுக்குள் பரிந்துரைக்கப்படும் அளவு ஓர் அரிசி மணி. அது ஏறத்தாழ 0.1 கிராம். அதில் இருப்பது 0.1 மில்லிகிராம்.
3. இரண்டு வேளையும் தேய்த்து, ஒரு சொட்டு விடாமல் குழந்தை விழுங்கிவிட்டாலும் ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம்.
4. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள கிணற்றுத் தண்ணீரை அதே குழந்தை ஒரு நாளில் 1 லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம். பதினைந்து மடங்கு.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் இருப்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் சோதிக்கலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி நீக்கும். அந்தப் பகுதிகளில் குழந்தைக்கு எந்த பேஸ்ட் என்பதைத் தண்ணீர் அறிக்கையைக் காட்டிப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்ற ஊர்களில், அரிசி மணி அளவுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பயந்து ஒதுக்கினால் இழப்பு குழந்தைக்குத்தான்.

சரி, அது பல்லுக்கு என்ன செய்கிறது? மேலே சொன்ன நான்காவது படியில்தான் அதன் வேலை. எச்சிலில் சிறிதளவு ஃப்ளோரைடு இருந்தாலே கரைந்த இடம் விரைவாகக் கட்டப்படுகிறது. அப்படிக் கட்டப்பட்ட எனாமல் முன்பைவிட அமிலத்தைத் தாங்குகிறது: 5.5-இல் கரைவது போய், சுமார் 4.5 வரை இறங்கினால்தான் கரையும். இந்த வேலை பல்லின் மேற்பரப்பில் நடக்கிறது. விழுங்குவதால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை; அதனால்தான் கொஞ்சமாக வைத்து, அதிகமானதைத் துடைத்துவிடச் சொல்கிறார்கள்.

டியூபை வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். 'சோடியம் ஃப்ளோரைடு' அல்லது 'சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட்' என்ற பெயரும் பி.பி.எம். எண்ணும் இருக்கும். இந்தியாவில் 1000 பி.பி.எம்.-க்கு மேல் போகக் கூடாது, அளவை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பலன் உறுதியாகத் தெரிந்திருப்பது 1000-த்திலும் அதற்கு மேலும்தான். 'குழந்தைகளுக்கு' என்று 500 போட்டு விற்பவற்றுக்குச் சான்று பலவீனம். தித்திப்பான பழ வாசனையும் கார்ட்டூன் படமும் இருப்பதால் ஒரு பேஸ்ட் குழந்தைக்கு ஏற்றது ஆகிவிடாது. இப்போது கடைக்கு வந்திருக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட் (எனாமலில் இருக்கும் கால்சியம் தாது) பேஸ்ட்களைப் பற்றிச் சில நம்பிக்கையூட்டும் ஆய்வுகள் உண்டு; ஃப்ளோரைடுக்கு இருக்கும் பல பத்தாண்டுச் சான்று அவற்றுக்கு இன்னும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்மையானது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ளே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு அது 60 மில்லிகிராம், அதாவது 60 கிராம் பேஸ்ட். டியூபைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

## தேய்ப்பது எப்படி?

முதல் பல் தெரிந்த அன்றே தொடங்குங்கள். குழந்தையின் தலையை உங்கள் மடியில் வைத்து, பின்னாலிருந்து தேய்த்தால் வாய் முழுக்கத் தெரியும். எதிரில் நின்று தேய்த்தால் தெரிவது முன்பற்கள் மட்டும். மேல் உதட்டை ஒரு விரலால் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மிருதுவான பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். குழந்தை திமிறும், அழும். அழும்போது வாய் திறந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். இரண்டு வாரம் விடாமல் செய்தால் அழுகை தானாகக் குறையும்.

காலையில் ஒரு தடவை, ராத்திரி கடைசியாக ஒரு தடவை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நாளில் ராத்திரியை விடாதீர்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். மூன்று வயதானதும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்குக் கூட்டலாம். துப்பத் தெரிந்த குழந்தை துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். 'நானே தேய்க்கிறேன்' என்று பிரஷ்ஷைப் பிடுங்கினால் கொடுங்கள், முடித்ததும் நீங்கள் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். ஏழு வயது வரை பிஞ்சுக் கைக்கு அந்த நுணுக்கம் வராது.

'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்பது மென்று தேய்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கு. உப்பு, சாம்பல், கரி, சொரசொரப்பான பல்பொடி எதையும் பால் பல்லில் போட வேண்டாம். அந்த மெல்லிய எனாமலை அவை சுரண்டிவிடும்.

## உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். தெரிவது இவற்றில் ஒன்றாக இருக்கும்:

1. பல் முழுக்கப் பளபளப்பு. நல்லது.
2. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல் மங்கலான வெள்ளைக் கோடு. சொத்தையின் முதல் கட்டம். இன்னும் ஓட்டை விழவில்லை. இங்கே நிறுத்திவிட்டால் பல் மீண்டும் கட்டிக்கொள்ளும். 'பால் படிந்திருக்கிறது' என்று நினைத்துப் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுவது இதைத்தான்.
3. மஞ்சள் அல்லது பழுப்புக் குழி. எனாமல் உடைந்துவிட்டது. தானாகச் சரியாகாது.
4. கறுத்து, உடைந்த பல், ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம். வேருக்கு நோய் இறங்கிவிட்டது. வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று வயதுக்குள் முன்பல்லின் வழவழப்பான பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தாலே அதைத் தீவிரச் சொத்தை என்று பல் மருத்துவம் வகைப்படுத்துகிறது. அந்த வயதில் அது அவ்வளவு வேகமாகப் பரவும்.

## சொத்தை விழுந்த பிறகு

குழந்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனால் ஊசி, மெஷின், அழுகை என்ற பயத்திலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். வெள்ளைக் கோடாக இருக்கும்போது போனால் இவை எதுவும் இல்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பிசின் போன்ற மருந்தைச் சின்ன பிரஷ்ஷால் தடவுவார்கள், அவ்வளவுதான். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தடவினால் போதும்.

குழி விழுந்திருந்தாலும் வழி உண்டு. சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்தை அந்த இடத்தில் தொட்டு வைத்தால் பல சொத்தைகள் அப்படியே நின்றுவிடும். வலி இல்லை, துளையிடுவது இல்லை. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும். முன்பல்லில் அது பெற்றோரை உறுத்தும். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதா, சில வருடம் கறுப்புப் புள்ளியோடு இருப்பதா என்று எடைபோட்டால் இரண்டாவதே மேல் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கடைவாய்ப் பல் சொத்தைக்கு, துளையிடாமலேயே ஸ்டீல் தொப்பி மாட்டும் முறையும் இருக்கிறது. உள்ளே மூடப்பட்ட பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கிடைக்காமல் சொத்தை நின்றுவிடும்.

முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை காட்டுவது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. செலவுக்குத் தயங்குபவர்களுக்கு அரசு வழி உண்டு. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. பார்க்க வேண்டிய நோய்களில் பல் நோயும் அடங்கும். அந்த நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாமல் அனுப்புங்கள், பல்லையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அந்த முதல் சந்திப்பில் குழந்தையை நாற்காலியில் தனியாக உட்கார வைக்க மாட்டார்கள். உங்கள் மடியில் உங்களைப் பார்த்தபடி குழந்தை உட்காரும். எதிரில் முழங்காலோடு முழங்கால் ஒட்டி மருத்துவர் உட்காருவார். குழந்தையை மெதுவாகப் பின்னால் சாய்த்து அதன் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வார். உதட்டைத் தூக்கி, பற்களை எண்ணி, ராத்திரி என்ன குடிக்கிறது என்று உங்களிடம் கேட்டு, வெள்ளைக் கோடு இருந்தால் வார்னிஷ் தடவி அனுப்பிவிடுவார்.